உள்ளகக் கணக்காய்வுக்குப் புதிதாக வருபவருக்கு: இலங்கை அரச திணைக்களத்தில் மோசடியைத் தேடுவதும் தடுப்பதும்

பிரதேச செயலகமோ, மாவட்டச் செயலகமோ, அமைச்சின் கீழுள்ள திணைக்களமோ, உள்ளகக் கணக்காய்வுப் பிரிவுக்கு இடமாற்றமாகி வருபவரின் மேசையில் முதல் நாளே கடந்த ஆண்டின் ஐயவினாக் கோவையும் (கணக்காய்வில் எழுப்பிய கேள்விகளின் கோவை) ஒரு கட்டு வவுச்சரும் வந்து சேர்ந்துவிடும். அநேகர் உடனே வவுச்சர்களைப் புரட்டத் தொடங்குவார்கள். கையொப்பம் இருக்கிறதா, கூட்டல் சரியா, முத்திரை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு மாதத்தில் சிறு தவறுகள் நாற்பது, ஐம்பது கிடைக்கும். பணம் களவு போயிருந்தால் அது மட்டும் கிடைக்காது.

காரணம் எளிது. மோசடிக்காகத் தயாரிக்கப்பட்ட கோவை, நேர்மையான கோவையைவிடச் சுத்தமாக இருக்கும். அதைத் தயாரித்தவருக்குக் கணக்காய்வாளர் என்ன தேடுவார் என்பது தெரியும். மூன்று விலைமனு, ஒப்புதல், பொருள் பெற்றதற்கான சான்று எல்லாம் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். ஆகவே புதியவர் முதலில் பழக வேண்டியது, அலுவலகத்துக்குள்ளே எழுதப்பட்ட தாளை, வேறொருவர் வேறு நோக்கத்துக்காக வெளியே எழுதிய பதிவோடு பொருத்திப் பார்க்கும் வேலை. வங்கிக் கூற்று, எரிபொருள் நிலையத்தின் சிட்டை, வாயிற்காவலரின் பதிவேடு, கைவிரல் இயந்திரத்தின் மூலத் தரவு, சுங்கப் பதிவு, பயனாளியின் வாய்மொழி ஆகியவற்றை உள்ளே இருப்பவர் தனியாகத் திருத்த முடியாது. கீழே சொல்லப்படும் பரிசோதனைகள் எல்லாம் இந்த ஒரு வழியில்தான் போகின்றன.

உங்கள் அதிகாரம் எங்கிருந்து வருகிறது

2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க தேசிய கணக்காய்வுச் சட்டத்தின் 40 ஆம் பிரிவும், நிதிப்பிரமாணம் (நி.பி.) 133, 134 உம் உங்கள் பணிக்கு அடித்தளம். நி.பி. 133 உள்ளகக் கணக்காய்வுக்குச் சொல்லும் முதல் வேலையே, தவறையும் மோசடியையும் தடுக்கவும் கண்டுபிடிக்கவும் போட்டிருக்கும் உள்ளகக் கட்டுப்பாடு அமைப்பிலும் நடைமுறையிலும் வேலை செய்கிறதா என்று பார்ப்பது. ‘நடைமுறையிலும்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். சுற்றறிக்கை சுவரில் ஒட்டியிருப்பது கட்டுப்பாடாகாது.

நீங்கள் நேரடியாக நிறுவனத் தலைவருக்கே அறிக்கையிடுகிறீர்கள், கணக்காளருக்கு அல்ல. வருடத் தொடக்கத்தில் கணக்காய்வாளர் தலைமை அதிபதியுடன் கலந்தாலோசித்து ஆண்டுத் திட்டம் தயாரிக்க வேண்டும். அறிக்கைகளின் பிரதிகள் அவருக்கும் முகாமைத்துவக் கணக்காய்வுத் திணைக்களத்துக்கும் போக வேண்டும். கணக்காய்வு மற்றும் முகாமைத்துவக் குழு ஆண்டுக்குக் குறைந்தது 4 முறை கூட வேண்டும். மாகாண நிறுவனமென்றால் மாகாண நிதி விதிகளையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே அடிக்கடி நேரும் பிழை ஒன்றுண்டு. ஆளணி குறைவென்று சொல்லி, கொடுப்பனவுக்கு முன் வவுச்சரைப் பார்த்துக் கையொப்பமிடும்படியோ, தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவில் அமரும்படியோ உள்ளகக் கணக்காய்வு உத்தியோகத்தரைக் கேட்பார்கள். உதவியாகத்தான் கேட்பார்கள். ஆனால் நீங்கள் கையொப்பமிட்ட வவுச்சரை நீங்களே கணக்காய்வு செய்ய முடியாது. இரண்டாம் முறை கேட்கும்போதே பணிவாக, எழுத்தில் மறுத்துவிடுங்கள். அந்தக் கடிதம் பிற்காலத்தில் உங்களைக் காக்கும்.

திட்டம் எழுதுமுன் திரட்ட வேண்டியவை

முதல் இரு வாரத்தில் எந்தப் பரிசோதனையும் வேண்டாம். இவற்றை மட்டும் ஒன்றாகச் சேருங்கள்: நி.பி. 135 இன் கீழ் இவ்வாண்டு எழுத்தில் வழங்கப்பட்ட அதிகாரக் கையளிப்பு; திணைக்களத்தின் பெயரிலுள்ள எல்லா வங்கிக் கணக்குகளின் பட்டியல், நலன்புரிச் சங்கக் கணக்கு உட்பட; பற்றுச்சீட்டுப் புத்தகங்களின் இருப்புப் பதிவேடு; சம்பளப் பட்டியல்; வாகனப் பட்டியல்; கடந்த 3 ஆண்டு ஐயவினாக்களும் அவற்றுக்கான பதில்களும்; நி.பி. 110 இன்படி வைக்க வேண்டிய இழப்புப் பதிவேடு.

வங்கிக் கணக்குப் பட்டியலைக் கணக்குக் கிளையிடம் மட்டும் வாங்காமல், நிறுவனத் தலைவரின் கையொப்பத்துடன் வங்கிக்கே கடிதம் அனுப்பிக் கேளுங்கள். கணக்கேட்டில் இல்லாத ஒரு பழைய செயற்றிட்டக் கணக்கு வங்கியில் உயிரோடிருக்கலாம். பணம் மறைய வசதியான இடம் அதுதான். இழப்புப் பதிவேடு பல ஆண்டாக வெறுமையாக இருந்தாலும் மகிழ வேண்டாம். விபத்துக்குள்ளான வாகனமும் காணாமற்போன மடிகணினியும் அதில் ஏன் ஏறவில்லை என்று கேளுங்கள்.

பிறகு ஒரு கொடுப்பனவைத் தேர்ந்து, கோரிக்கை எழுந்த மேசையிலிருந்து பணம் வங்கியில் சேர்ந்தது வரை நடந்தே பின்தொடருங்கள். ஒவ்வொரு மேசையிலும் ‘நீங்கள் லீவில் போனால் இதை யார் செய்வார்?’ என்று கேளுங்கள். ‘கணினியில் என் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டுப் போவேன்’ என்ற பதில் வரும் இடத்தைக் குறித்து வையுங்கள்.

திட்டத்தில் முன்னுரிமை பெற வேண்டியவை மூன்று வகை: கையில் காசு வாங்கும் இடம், ஒருவர் தட்டச்சு செய்யும் கணக்கிலக்கத்துக்குப் பணம் போகும் இடம், எரிபொருள், உலர் உணவு, சீமெந்து போல் பாவித்தவுடன் அடையாளம் இல்லாமற்போகும் பொருள் இருக்கும் இடம். தளபாடக் கணக்கெடுப்புக்கு ஒரு மாதத்தை ஒதுக்கிவிட்டுக் காசுப் பீடத்துக்கு ஒரு நாள் ஒதுக்கும் திட்டம் தலைகீழானது.

காசு: அறிவிக்காமல் எண்ணுவது எப்படி

1. காலையில் பீடம் திறக்குமுன் அல்லது மாலையில் மூடும் நேரத்தில், இருவராகப் போங்கள். சம்பளத்துக்கு முந்திய நாட்களில் ஒருமுறையாவது போவது நல்லது. கைமாற்றாக எடுத்த காசு பெரும்பாலும் அப்போதுதான் திரும்பி வராமல் இருக்கும்.

2. இரும்புப் பெட்டி, மேசை இழுப்பறை, இன்னொரு சிறாப்பரின் (காசாளரின்) பெட்டி, சில்லறைக் காசு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முத்திரையிட்டுவிட்டு ஒவ்வொன்றாகத் திறவுங்கள். இல்லாவிட்டால் எண்ணி முடித்த காசு பின்கதவால் அடுத்த பெட்டிக்குப் போகும்.

3. காசை நீங்கள் தொடக் கூடாது. சிறாப்பரே எண்ண வேண்டும், நீங்கள் பார்க்க வேண்டும். 5,000, 1,000, 500 என்று தாள் வகை வாரியாக எழுதுங்கள்.

4. ‘இன்னார் 8,000 கடனாக எடுத்தார்’ என்ற துண்டுச் சீட்டைக் காசாக ஏற்காதீர்கள். அதைப் பற்றாக்குறையாகவே எழுதி, சீட்டின் பிரதியை இணையுங்கள்.

5. கடைசியாக எழுதிய பற்றுச்சீட்டின் இலக்கத்தையும் கடைசிக் காசோலையின் இலக்கத்தையும் அந்த நிமிடமே குறித்து, காசேட்டில் கோடிட்டு மூடச் சொல்லுங்கள்.

6. காசை மீளப் பெற்றுக்கொண்டதாகச் சிறாப்பரிடம் கையொப்பம் வாங்காமல் அறையை விட்டு வெளியேறாதீர்கள்.

எண்ணிக்கை சரியாக வந்தாலும் வேலை பாதிதான். காசு கையாடலில் மிகப் பழையதும் இன்றும் ஓய்ந்துவிடாததும் நாள் தள்ளிக் கட்டும் முறை. திங்கள் வசூல் 40,000 ரூபா. அதில் 15,000 ஐ எடுத்துவிட்டு, செவ்வாய் வசூலிலிருந்து 15,000 ஐச் சேர்த்துத் திங்கள் தொகையாக 40,000 வங்கியில் இடப்படும். இப்போது செவ்வாயில் துண்டு விழும், அதைப் புதன் அடைக்கும். காசேடும் வைப்புச் சீட்டும் தொகையில் எப்போதும் ஒத்துப்போகும். எண்ணும் நாளில் மட்டும் எங்கிருந்தாவது 15,000 புரட்டினால் போதும்.

இதைப் பிடிக்கத் தொகையை விட்டுவிட்டு அமைப்பைப் பாருங்கள். திங்கள் பற்றுச்சீட்டுகளில் எத்தனை காசு, எத்தனை காசோலை? வைப்புச் சீட்டில் எத்தனை? திங்கள் வசூல் முழுவதும் காசென்று பற்றுச்சீட்டு சொல்ல, அதற்குரிய வைப்பில் செவ்வாய் பெற்ற காசோலை ஒன்று இருந்தால் விடயம் வெளிச்சம். அதோடு வசூல் திகதிக்கும் வங்கி இட்ட திகதிக்கும் உள்ள இடைவெளியை மூன்று மாதத்துக்கு அட்டவணையாக எழுதுங்கள். ஒரு நாள், ஒரு நாள் என்று இருந்தது இரண்டாகி மூன்றாகினால் துண்டு பெருகுகிறது என்று பொருள். வைப்புச் சீட்டின் அலுவலகப் பிரதியை நம்பாமல் வங்கிக் கூற்றிலுள்ள திகதியை எடுங்கள். சிறாப்பரின் லீவுப் பதிவையும் பாருங்கள். இந்த முறையை நடத்துபவர் லீவே எடுக்க மாட்டார், அந்தக் கதிரையில் இன்னொருவர் ஒரு நாள் இருந்தாலும் சங்கிலி அறுந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறையாவது தொடர்ச்சியாக ஒரு வாரம் வேறொருவரைச் சிறாப்பராக இருத்துவதுதான் இதற்கு மலிவான மருந்து.

பொது 172 படிவப் பற்றுச்சீட்டில் இரண்டு விடயம் பாருங்கள். இரத்துச் செய்த சீட்டென்றால் மூலப்பிரதியும் புத்தகத்தோடு இருக்க வேண்டும். மூலம் இல்லாத ‘இரத்து’ என்பது பணம் கட்டியவர் வீட்டுக்குக் கொண்டுபோன சீட்டாக இருக்கலாம். அடுத்தது, கட்டியவருக்கு 5,000 என்றும் அடிப்பிரதியில் 500 என்றும் எழுதுவது. அடிப்பிரதியை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இது தெரியாது. கொடுத்த சேவையிலிருந்து திரும்பி வர வேண்டும்: மண்டபம் எத்தனை நாள் வாடகைக்குப் போனது, எத்தனை அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டது, தனியொன்றுக்குக் கட்டணம் எவ்வளவு என்று பெருக்கி வசூலோடு ஒப்பிடுங்கள். மண்டபத்துக்கு மின்சாரப் பட்டியல் உண்டு; முன்பதிவு இல்லாத மாதத்தில் அலகுகள் ஏறியிருந்தால் கேள்வி கேளுங்கள்.

காசும் பொருளும் பொறுப்பிலுள்ளவர்கள் நி.பி. 880 இன்படி பிணை வைத்திருக்கிறார்களா என்பதையும் இதே நாளில் பார்த்துவிடலாம்.

கொடுப்பனவு

நி.பி. 135 முதல் 139 வரை வாசித்தால் செலவை அதிகாரமளிப்பவர், அங்கீகரிப்பவர், சான்றுபடுத்துபவர், கொடுப்பவர் என்று நான்கு கைகள் தெரியும். ஒருவரின் வேலையை அடுத்தவர் தானாகவே சரிபார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆளில்லாத சிறு கந்தோரில் இரண்டு கை ஒன்றாகிவிடுவது தவிர்க்க முடியாமற்போகலாம். ஆனால் சான்றுபடுத்துபவரும் கொடுப்பவரும் ஒருவராகவே இருக்கும் இடத்தை உங்கள் அறிக்கையில் முதலாவதாக எழுதுங்கள். திகதியிடாமல் முன்கூட்டியே கையொப்பமிட்ட காசோலை ஒன்றைக் கண்டாலும் அப்படியே.

இப்போது பெரும்பாலான கொடுப்பனவுகள் வங்கிக் கணக்குக்கு நேரே போகின்றன. காசோலைக் காலத்தில் பெயரை மாற்ற வேண்டியிருந்தது, இன்று இலக்கத்தை மாற்றினால் போதும். ஒரு காலாண்டுக்குரிய கொடுப்பனவுப் பட்டியலை விரிதாளாக எடுத்து நான்கு முறை வரிசைப்படுத்துங்கள். கணக்கிலக்கத்தின்படி வரிசைப்படுத்தினால், ஒரே இலக்கம் இரண்டு பெயருக்கு வருகிறதா என்று தெரியும். அதே இலக்கங்களை ஊழியரின் சம்பளக் கணக்கிலக்கங்களோடு ஒப்பிடுங்கள். தொகையின்படி வரிசைப்படுத்தினால், ஒரே தொகை அடுத்தடுத்த வாரத்தில் இருமுறை போயிருப்பது தெரியும். சிட்டை இலக்கத்தின்படி பார்க்கும்போது 045 உம் 45 உம் வெவ்வேறென்று கணினி நினைக்கும், ஆகவே முன்னாலுள்ள பூச்சியங்களை நீக்கிவிட்டு வரிசைப்படுத்துங்கள். கடைசியாக, அதிகார எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கும் தொகைகளைப் பாருங்கள். எல்லை 1,00,000 என்றால் 96,500, 98,000, 99,200 என்று வரும் கூட்டத்தைத் தனியே எடுக்க வேண்டும்.

காசேட்டு மீதியையும் வங்கி மீதியையும் ஒப்பிடும் வங்கி இணக்கக் கூற்று நி.பி. 395 இன்படி அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குமுன் தயாராக வேண்டும். தயாராகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சரியென்று குறிக்கும் பழக்கம் ஆபத்தானது. தயாரித்தவர் யார்? கொடுப்பனவு செய்பவரே இணக்கமும் செய்தால் அந்தக் கூற்றுக்குப் பெறுமதி இல்லை. கோவையிலுள்ள வங்கிக் கூற்று உண்மையானதா? அச்சிட்ட தாளைத் திருத்துவது இன்று கடினமல்ல, கணக்காளரைக் கூட வைத்துக்கொண்டு வங்கியின் இணையத் திரையில் மாத இறுதி மீதியை நீங்களே பாருங்கள். மாதக்கணக்கில் அப்படியே தொங்கும் ‘அடையாளம் காணப்படாத’ தொகைகளை ஒன்றுவிடாமல் கேளுங்கள். 6 மாதம் கடந்தும் மாற்றப்படாத காசோலைகள் நி.பி. 396 இன் கீழ் நடவடிக்கைக்குரியவை. அவை தூங்கும் பணம் என்பதால், பழைய காசோலையை இரத்துச் செய்து புதிய பெயரில் எழுதுவது யார் கண்ணிலும் படாது.

விசேட உப கட்டுநிதி முற்பணம், அதாவது குறிப்பிட்ட ஒரு வேலைக்காக உத்தியோகத்தரிடம் முன்கூட்டிக் கொடுக்கும் பணம், பற்றி ஒரு வரி: வேலை முடிந்தும் தீர்க்காத முற்பணம், அதற்குமேல் அதே உத்தியோகத்தருக்கு இன்னொரு முற்பணம் என்றால் முதலாவதை இரண்டாவதால் அடைக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு தேடுங்கள்.

சம்பளம், மேலதிக நேரம்

சம்பளப் பட்டியலை முழுவதும் சரிபார்க்க முயலாதீர்கள். இரண்டு மாதத்துக்கிடையிலான வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். புதிதாக வந்த ஒவ்வொரு பெயருக்கும் நியமனக் கடிதமும் கடமையேற்ற கடிதமும். காணாமற்போன ஒவ்வொரு பெயருக்கும் ஓய்வு, இடமாற்றம், பதவி விலகல் எதுவென்று ஆவணமும் வேண்டும். மாறாமல் இருப்பதும் கேள்விக்குரியது: 12 ஆம் திகதி ஓய்வுபெற்றவருக்கு முழுமாதச் சம்பளம் போயிருக்கிறதா? சம்பளமற்ற லீவிலிருப்பவரின் பெயர் எப்போது நிறுத்தப்பட்டது? ஒரே வங்கிக் கணக்கோ, ஒரே தேசிய அடையாள அட்டை இலக்கமோ இருமுறை வருகிறதா? நிலுவைச் சம்பளம் என்ற நிரலைத் தனியே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கணிப்புத் தாளைக் கேளுங்கள். தவறான பணம் புகுவதற்கு அந்த நிரல்தான் வசதியான கதவு, ஏனென்றால் தொகை மாதாமாதம் மாறுவது இயல்பு. அரசாங்கச் சம்பள மென்பொருளைக் கையாளும்போது கணக்காளர் கடைப்பிடிக்க வேண்டிய கட்டுப்பாடுகள் அரச கணக்குகள் சுற்றறிக்கை 171/2004 இல் உள்ளன. அதைப் பிரதியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேலதிக நேரத்துக்குக் கைவிரல் இயந்திரத்தின் அச்சிட்ட அறிக்கை போதாது. திருத்தம் செய்யுமுன் உள்ள மூலத் தரவை எடுத்து, ‘கைமுறைத் திருத்தம்’ என்று பதிவான வரிகளை யார் திருத்தினார் என்று பாருங்கள். பிரயாணப் படிக்கு, வெளிக்களத்தில் இருந்ததாகச் சொன்ன நாளில் அதே உத்தியோகத்தர் கந்தோரில் கையொப்பமிட்ட கூட்டக்குறிப்பு உண்டா என்று தேடுவது விரைவான வழி.

கொள்வனவும் வேலைகளும்

2025 ஜனவரி 1 முதல் தேசிய பெறுகை ஆணைக்குழுவின் 2024 ஆம் ஆண்டுப் பெறுகை வழிகாட்டல்கள் நடைமுறையில் உள்ளன. பழைய 2006 வழிகாட்டியின் எல்லைகளை நினைவில் வைத்துக்கொண்டு ஐயவினா எழுதிவிடாதீர்கள். நீங்கள் பார்க்கும் கொள்வனவின் திகதியில் எது நடைமுறையில் இருந்ததோ அதுதான் அளவுகோல்.

மூன்று விலைமனுவும் ஒரே கையில் தயாரானதைக் கண்டுபிடிக்க மூன்றையும் பக்கம் பக்கமாக மேசையில் விரியுங்கள். ஒரே எழுத்துப்பிழை, ஒரே எழுத்துரு, ஒரே இடைவெளி, தோற்ற இருவரின் விலை ஒவ்வொரு உருப்படியிலும் ஒரே விகிதத்தில் கூடியிருப்பது எல்லாம் அடையாளம். பிறகு தோற்ற நிறுவனங்களில் ஒன்றைத் தொலைபேசியில் அழைத்து, விலைமனு கொடுத்தீர்களா என்று கேளுங்கள். இந்த ஓர் அழைப்பு பல மாத வேலையை மிச்சப்படுத்தும். வென்றவரின் சிட்டை இலக்கங்களையும் அடுக்குங்கள்: ஜனவரியில் 12, மார்ச்சில் 13, ஜூனில் 14 என்றால் அவருக்கு உங்கள் திணைக்களத்தைத் தவிர வேறு வாடிக்கையாளர் இல்லை.

பொருள் வந்ததா என்பதற்குக் களஞ்சியக் காப்பாளரின் கையொப்பம் ஒரு சான்று. வாயிற் பதிவேட்டில் அந்த நாளில் அந்த வாகனம் நுழைந்ததா என்பது இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். 200 மூட்டை சீமெந்து என்றால் 10 தொன். அதைச் சிறிய ‘பட்டா’ லொறி ஒரு நடையில் கொண்டுவந்ததாக எழுதியிருந்தால் யாரோ எடையைக் கணக்கிடவில்லை.

கட்டட, வீதி வேலைகளில் அளவீட்டுப் புத்தகத்தை வாசித்துவிட்டுத் திரும்பாதீர்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தருடன், முடிந்தால் வேறு பிரிவிலிருந்து ஒருவருடன், நாடாவோடு களத்துக்குப் போங்கள். பெறுமதி கூடிய நான்கைந்து உருப்படிகளைத் திரும்ப அளந்தால் போதும். நீளத்திலும் அகலத்திலும் மோசடி குறைவு, எவரும் அளக்கலாம். தடிப்பில்தான் ஒளிந்திருக்கும். 4 அங்குலக் கொங்கிறீற்று 3 அங்குலமானால் அந்த உருப்படியில் காற்பங்கு போயிற்று. ஓரத்தில் சிறு குழி தோண்டினால் தெரியும். மண்ணுக்குள் மறையும் அத்திவாரத்துக்கு, மூடுமுன் அளவுகோலை வைத்து எடுத்த திகதியிட்ட படத்தை ஒப்பந்த நிபந்தனையாகவே சேர்க்கும்படி பரிந்துரையுங்கள்.

வெளிப்பதிவோடு பொருத்தாமல் விட்டால் இழப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்நாட்டின் பெரிய பாடம் 2002 முதல் 2004 வரை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் நடந்த வற் (பெறுமதி சேர் வரி) மீளளிப்பு மோசடி. ஏற்றுமதியே செய்யாத கம்பனிகளின் பெயரில் மீளளிப்புக் கோரிக்கைகள் ஏற்கப்பட்டுப் பல நூறு கோடி ரூபா அரசிடமிருந்து போனது. ஏற்றுமதி நடந்ததென்றால் சுங்கத்தில் அதற்குரிய பதிவு இருந்தே ஆகவேண்டும். பெருந்தொகையைத் திருப்பிக் கொடுக்கும் எந்தத் திணைக்களத்திலும் அந்த ஒப்பீட்டைக் கொடுப்பனவுக்கு முன்னான கட்டாயப் படியாக வைக்க வேண்டும்.

வாகனமும் எரிபொருளும்

நி.பி. 1645 வாகனப் பதிவேட்டையும், 1646 நாளாந்த ஓட்டப் பதிவையும் மாதச் சுருக்கத்தையும் பேசுகின்றன. பொது நிர்வாகச் சுற்றறிக்கை 30/2016 எரிபொருள் நுகர்வுப் பரிசோதனையைக் கேட்கிறது. கடைசிப் பரிசோதனையிலிருந்து 12 மாதம், 25,000 கிலோமீற்றர், அல்லது எஞ்சினில் பெரிய திருத்தம், இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது மீண்டும் பரிசோதிக்க வேண்டும். இந்தப் பரிசோதனை இல்லாத வாகனத்தில் எந்தக் கணக்கும் நிற்காது, அதனால் அதிலிருந்தே தொடங்குங்கள்.

கணக்கு இப்படி: டபிள் கெப் வாகனம் லீற்றருக்கு 9 கிலோமீற்றர் ஓடுமென்று பரிசோதனை சொல்கிறது என வைத்துக்கொள்வோம். மாதத் தொடக்கத்தில் மானி 84,210, முடிவில் 86,010. ஓடியது 1,800. தேவை 200 லீற்றர். தாங்கியில் தொடக்க இருப்பும் இறுதி இருப்பும் சமம். எரிபொருள் கட்டளைச் சீட்டுகளின் கூட்டு 248. மிச்சமுள்ள 48 லீற்றருக்கு விளக்கம் வேண்டும். ஒரு மாதம் மட்டும் பார்த்துச் சாரதியைக் குற்றஞ்சாட்டாதீர்கள்; மலைப்பாதையும் பழுதான இன்ஜெக்டரும் நுகர்வைக் கூட்டும். ஆறு மாதம் அடுக்கி, சாரதி மாறிய மாதத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

இன்னும் உறுதியான சான்று சிட்டையின் நேரம். ஓட்டப் பதிவின்படி வாகனம் மன்னாரில் நிற்கும் அதே மணிக்கு வவுனியாவில் எரிபொருள் நிரப்பிய சிட்டை இருந்தால் நுகர்வு விகிதம் பற்றி வாதாடத் தேவையில்லை. தாங்கியின் கொள்ளளவைவிடக் கூடுதலாக நிரப்பிய சிட்டையும் அப்படியே. மானி பழுதென்று இரண்டு மாதத்துக்குமேல் எழுதியிருந்தால், பழுதை ஏன் திருத்தவில்லை என்று போக்குவரத்துப் பொறுப்பாளரைக் கேளுங்கள். மின்பிறப்பாக்கிக்கு வாங்கும் டீசலை எல்லோரும் மறந்துவிடுவார்கள். மின்வெட்டு நேரமும் இயங்கிய மணித்தியாலமும் எழுதிய பதிவு இல்லாவிட்டால் அதுவும் ஒரு ஓட்டை.

சந்தேகம் உறுதியாகும்போது

இங்கேதான் நல்ல வேலை கெட்டுப்போகிறது. அவசரப்பட்டுச் சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு விசாரித்தால் மறுநாள் கோவை காணாமற்போகும். ஒழுங்கு இதுதான்: முதலில் மூல ஆவணங்களை நிறுவனத் தலைவரின் எழுத்துக் கட்டளையுடன் பொறுப்பெடுத்து, பக்கமெண்ணிட்டு, ஒப்படைத்தவர் கையொப்பத்துடன் பூட்டி வையுங்கள். கோவை இருந்த இடத்தில் சான்றுபடுத்திய பிரதியை வைத்தால் அன்றாட வேலை நிற்காது. மூலத்தில் பேனையால் எதையும் குறிக்காதீர்கள். கணினிப் பயனர் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், அழிக்கச் சொல்லாதீர்கள். அழித்தால் அவர் என்ன செய்தார் என்ற தடமும் போய்விடும்.

பிறகு நி.பி. 104: முதனிலை அறிக்கை 7 நாட்களுக்குள், முழு அறிக்கை 3 மாதங்களுக்குள். விசாரணைக் குழுவில் நீங்கள் இருக்க வேண்டாம், சாட்சியாக இருப்பீர்கள். பொறுப்பைத் தீர்மானிப்பதும் அறவிடுவதும் நி.பி. 102 முதலான ஏற்பாடுகளின் கீழ் நடக்கும். ஒழுக்காற்று நடவடிக்கை தாபனக் கோவையின் இரண்டாம் தொகுதி 48 ஆம் அத்தியாயத்தின்படி தனியாக ஓடும். பொதுச் சொத்துக்களுக்கு எதிரான குற்றங்கள் பற்றிய 1982 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது பொலிசுக்கும், இலஞ்சம் ஊழல் சம்பந்தப்பட்டது 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழலுக்கு எதிரான சட்டத்தின் கீழ் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கும் போக வேண்டும். நிறுவனத் தலைவரே சம்பந்தப்பட்டிருந்தால் அவரிடம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். பிரதம கணக்கீட்டு உத்தியோகத்தரான அமைச்சின் செயலாளர், கணக்காய்வாளர் தலைமை அதிபதி, ஆணைக்குழுவின் 1954 இலக்கம் ஆகிய வழிகள் உண்டு.

‘காசைக் கட்டிவிட்டார், பிள்ளைகுட்டிக்காரர், இதோடு விடுங்கள்’ என்று சொல்ல ஆட்கள் வருவார்கள். இரக்கத்தோடு சொல்வார்கள், அந்தக் குடும்பத்தின் நிலை உண்மையாகவும் இருக்கும். பணத்தை வாங்குங்கள், பற்றுச்சீட்டு எழுதுங்கள், இழப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள், அறிக்கையையும் அனுப்புங்கள். பதியாமல் விட்டால் அந்த உத்தியோகத்தர் இடமாற்றத்தில் இன்னொரு கந்தோருக்குப் போய் அங்கே சிறாப்பராக அமர்வார். அங்குள்ளவருக்கு எச்சரிக்க எந்தத் தாளும் இருக்காது.

அறிக்கை

‘எரிபொருள் கட்டுப்பாடு பலவீனமாக உள்ளது’ என்று எழுதினால் ‘கவனத்தில் கொள்ளப்படும்’ என்று பதில் வரும். இப்படி எழுதுங்கள்: ‘ஜனவரி முதல் ஜூன் வரை இன்ன இலக்க வாகனத்துக்குப் பரிசோதனை விகிதப்படி 1,200 லீற்றர் தேவை, 1,466 பெறப்பட்டுள்ளது, 266 லீற்றருக்கு விளக்கமில்லை, 9 சிட்டைகளின் நேரம் ஓட்டப் பதிவுடன் முரண்படுகிறது, பட்டியல் இணைப்பு 3, கட்டளைச் சீட்டு வழங்குபவரே ஓட்டப் பதிவையும் சான்றுபடுத்துவது காரணம்.’ எண், மீறப்பட்ட விதி, காரணம், விளைவு, யார் எந்தத் திகதிக்குள் என்ன செய்ய வேண்டும் ஆகிய ஐந்தும் இருந்தால் தப்பிக்க இடமில்லை. காரணத்தை எழுதாத அறிக்கைக்குப் பிறகு ஆள் மாறுவார், ஓட்டை அப்படியே இருக்கும். ‘மோசடி’ என்ற சொல்லை நீங்கள் எழுத வேண்டாம், அது விசாரணையின் முடிவு. நீங்கள் எழுதுவது முரண்பாடும் தொகையும்.

அனுப்புமுன் வரைவைச் சம்பந்தப்பட்ட கிளைத் தலைவரிடம் காட்டி எண்களை ஒத்துக்கொள்ள வையுங்கள், மோசடிச் சந்தேகம் உள்ள பந்தியைத் தவிர. எண்ணில் ஒரு பிழை இருந்தால் குழுக் கூட்டம் முழுவதும் அந்தப் பிழையைப் பற்றியே பேசி முடிந்துவிடும்.

பிறகு ஒரு பதிவேடு: அவதானிப்பு, பரிந்துரை, பொறுப்பாளர், திகதி, நிலை. ‘திருத்தப்பட்டது’ என்ற கடிதம் வந்ததும் நிலையை மாற்றாதீர்கள். அடுத்த காலாண்டில் அதே வாகனத்தின் ஒரு மாதச் சிட்டைகளையோ, அதே பீடத்தின் ஒரு வார வைப்புகளையோ புதிதாக எடுத்துப் பாருங்கள். சரியாக வந்தால், பார்த்த ஆவணத்தின் இலக்கத்தை எதிரே எழுதி அந்த வரியை மூடுங்கள். சரியாக வராவிட்டால் அடுத்த குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் முதலாவதாகப் போடுங்கள்.